நூலின் மறுமுனை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தம் கைகளாலேயே ஒரு மரக் கட்டடத்தை எழுப்ப வேண்டும் என்று முடிவெடுத்து, ஓய்வுநேரம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்ட ஒருவரின் மனைவி என்ற முறையில் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன். என் கணவர் தச்சுத் தொழிலில் பிறந்து வளர்ந்தவர் அல்லர். அலுவலகப் பணி முடிந்து வந்த பிறகே உளியைக் கையில் எடுக்கிறவர். அவர் எழுப்பியிருப்பது 4 மீட்டர் அகலமும் 6 மீட்டர் நீளமும் உள்ள ஒரு பணிக்கூடம். ஆறு தூண்கள், அவற்றை இரண்டிரண்டாகக் குறுக்கே பிணைக்கும் மூன்று உத்தரங்கள், தூண்களின் தலைகளை நீளவாக்கில் இணைக்கும் இரண்டு வளைமரங்கள், மூலைதோறும் சாய்முட்டுகள், மேலே கைமரங்கள், அவை கூடும் முகடு ஆகியவையே அதன் உறுப்புகள். இவற்றுள் எந்த இரண்டு மரங்கள் சேரும் இடத்திலும் இரும்பு ஆணியோ திருகோ தகடோ கிடையாது. ஒரு மரத்தில் குழி வெட்டி, மற்றொன்றின் நுனியை நாக்குப் போலச் செதுக்கி, அந்த நாக்கைக் குழிக்குள் செருகி, குறுக்கே மரத்தாலான ஆணியை அடித்து இறுக்குவதே இந்தக் கட்டுமானத்தின் முறை.

இதைச் சொன்னவுடன் பலர் கேட்கிற கேள்வி, இத்தனை பாடு எதற்கு என்பதுதான். இரும்புச் சட்டங்களை வாங்கி முடுக்கினால் சில நாட்களில் ஒரு கூடம் எழுந்துவிடும். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்கு விடை சொல்வது வாழ்க்கைத்துணையின் கடமையும் அன்று. ஆயினும் நான் விடை தேடினேன். ஒருவருடைய ஆர்வத்தைப் பொறுத்துக்கொள்வதற்கும் அதைப் புரிந்துகொள்வதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு என்பது என் உறுதியான கருத்து. பொறுத்துக்கொள்கிறவர்கள் அது எப்போது முடியும் என்று காத்திருப்பார்கள். புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அந்த வேலையின் உள்ளே போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். அப்படிப் போனபோது எனக்குத் தெரியவந்தவற்றையே இன்று பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் மரத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலையில் எல்லா முடிவுகளும் மரத்தின் இயல்பிலிருந்தே பிறக்கின்றன. வெட்டிய மரத்தை நன்றாக உலரவிட்டுப் பிறகே வேலைக்கு எடுக்க வேண்டும் என்று நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நாற்காலிக்கும் மேசைக்கும் கதவுக்கும் அது சரி. ஆனால் 200 மில்லிமீட்டர் சதுரத்தில் இருக்கும் ஒரு தூண் உட்புறம் வரை தானாகவே உலர வேண்டும் என்றால் பல ஆண்டுகள் பிடிக்கும். உலர்ந்து இறுகிவிட்ட வன்மரத்தில் ஆழமான குழியைக் கையுளியால் வெட்டுவதும் பெரும்பாடு. ஆகவே மரச்சட்டகம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் பச்சை மரத்திலேயே குழியும் நாக்கும் வெட்டி நிறுத்திவிடுகிறார்கள்; நின்றபடியே மரம் உலர்கிறது. இதைக் கேட்டபோது எனக்கு வியப்பாகத்தான் இருந்தது. உலரும் மரம் சுருங்குமே, சுருங்கினால் பொருத்துகள் தளர்ந்துவிடாவா என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கான விடையில்தான் இந்தக் கலையின் பாதி அறிவு அடங்கியிருக்கிறது என்று இப்போது சொல்வேன்.

மரம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஈரப்பதம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பிறகே சுருக்கம் தொடங்குகிறது. நீளவாக்கில் அது கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவுக்குச் சிறியது. குறுக்குவாக்கில், ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் திசையில் ஏற்படுவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த வேறுபாட்டினால்தான் மரம் முறுக்கிக்கொள்கிறது, வெடிக்கிறது, சதுரமாக அறுத்தது சாய்சதுரமாகிறது. தூணின் நீளம் மாறாது, ஆனால் தடிமன் சில மில்லிமீட்டர் குறையும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதால், எந்தப் பக்கத்தில் அளவு மாறினாலும் பொருத்து பாதிக்கப்படாதோ அந்தப் பக்கத்திலிருந்து அளந்து குறி போடுகிறார்கள். ஒவ்வொரு மரத்திலும் இரண்டு முகங்களை ஆதார முகங்களாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, எல்லா அளவுகளையும் அவற்றிலிருந்தே எடுக்கும் வழக்கம் இந்தக் கவனத்திலிருந்து வந்தது. எங்கள் மரங்கள் ஒவ்வொன்றிலும் அந்த முகங்களில் பென்சிலால் ஒரு முக்கோணக் குறி உண்டு. அந்தக் குறியைப் பார்க்காமல் என் கணவர் அளவுகோலை எடுக்கவே மாட்டார்.

மரஆணியின் நுட்பம் இதைவிட அழகானது. சட்டகம் பச்சை மரம், ஆணி மட்டும் நன்கு உலர்ந்த மரம். அந்த ஆணிக்கான துண்டை அறுப்பதில்லை, இழையோடு பிளந்து எடுக்கிறார்கள். பிளந்த துண்டில் இழை நுனியிலிருந்து நுனி வரை அறுபடாமல் ஓடுவதால், அடிக்கும்போது அது முறியாது. பிறகு, குழியுள்ள மரத்தில் போட்ட துளையும் நாக்கில் போட்ட துளையும் நேருக்கு நேர் அமையாதபடி, நாக்கின் துளையை அதன் தோள்பட்டைப் பக்கமாக, அதாவது நாக்கு தொடங்கும் அடிப்பகுதியை நோக்கி, இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் போடுகிறார்கள். நுனி கூராக்கிய ஆணி உள்ளே இறங்கும்போது அந்தச் சிறு விலகலைக் கடப்பதற்காகச் சற்றே வளைந்து, நாக்கைக் குழிக்குள் இழுத்து, இரண்டு மரங்களையும் ஒட்டி நெருக்கிவிடுகிறது. மரம் உலர்ந்து சுருங்கும்போதும் அந்த இழுப்பு விடுவதில்லை. வேறு எந்தக் கருவியும் இல்லாமல், ஒரு துளையின் இடத்தை நூலளவு மாற்றுவதாலேயே பல ஆண்டுகளுக்கான இறுக்கத்தைப் பொருத்துக்குள் வைத்துவிட முடியும் என்பதை முதல்முறை கண்ணால் கண்டபோது, என் கணவரை இந்த வேலை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டது என்பது எனக்கு விளங்கியது.

குழி வெட்டும் வேலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் இருக்கிறவர்கள் நாள்தோறும் கேட்பது அந்த ஒலியைத்தான். முதலில் குழியின் எல்லையைக் கத்தியால் கீறிக்கொள்கிறார். பென்சில் கோட்டுக்குத் தடிமன் உண்டு, கத்திக் கீறலுக்கு இல்லை என்பது அவருடைய விளக்கம். பிறகு உள்ளே அடுத்தடுத்துத் துளையிட்டு மரத்தின் பெரும்பகுதியை வெளியேற்றிவிடுகிறார். அதன்பின் உளியும் கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலும். இழையைக் குறுக்காக வெட்டும் முனைகளை முதலில் முடித்துவிட்டு, இழையோடு போகும் பக்கங்களைக் கடைசியில் சீவுகிறார். கடைசி ஒரு மில்லிமீட்டருக்கு வரும்போது கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டு, உளியைக் கையால் மட்டுமே தள்ளுகிறார். அந்த நேரத்தில் யாரும் அவரிடம் பேசுவதில்லை, பேசினாலும் அவருக்குக் கேட்காது. மரம் எப்படிப் போகிறதோ அதைப் பார்த்துத்தான் உளி போக வேண்டும், எதிர்த்துப் போனால் மரம் பெயர்ந்துவிடும் என்பார். கணு இருக்கும் இடத்தில் இழை திரும்புகிறது. அங்கே உளியும் திசை மாற வேண்டும்.

கைவேலை என்றால் மின்கருவியைத் தொடவே கூடாது என்ற பிடிவாதம் சிலரிடம் இருக்கிறது. நான் அதை ஏற்கவில்லை, என் கணவரும் ஏற்கவில்லை. துளையிடுவதற்கு மின்துளைப்பான் பயன்பட்டால் அதில் எந்தக் குறையும் இல்லை. பொருத்து சரியாக அமைவது கடைசியில் சீவும் அந்த மெல்லிய சீவலில்தான். அங்கே கருவியின் வேகம் உதவாது, கண்ணும் விரலும் தேவைப்படுகின்றன. அதற்கு உளி கூர்மையாக இருக்க வேண்டும். கைவேலையைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் வெட்டுவதைக் கற்கவே அவசரப்படுகிறார்கள், தீட்டுவதைக் கற்பதில்லை. உளியின் பின்பக்கம் கண்ணாடி போலச் சமதளமாகவும், முன்சரிவு 25 முதல் 30 பாகைக்குள்ளும் இருந்தால்தான் அது மரத்தை வெட்டும், இல்லாவிட்டால் நசுக்கும். மழுங்கிய உளிக்கு அதிக விசை தேவைப்படுவதால், அது நழுவிக் கையைக் கிழிக்கும் வாய்ப்பும் அதிகம். தீட்டுக்கல்லின் முன்னால் அவர் செலவிடும் நேரம் வீண் என்று யாராவது சொன்னால் இப்போது நான்தான் முதலில் மறுத்துப் பேசுகிறேன்.

இப்படிச் செய்த பொருத்துகள் எவ்வளவு காலம் நிற்கும் என்பது அடுத்த கேள்வி. உலகில் இன்றும் நின்றுகொண்டிருக்கும் கட்டடங்களே அதற்குச் சான்று. ஜப்பானின் நாரா பகுதியில் உள்ள ஹோரியூ-ஜி என்னும் பௌத்த மடத்தின் ஐந்தடுக்குக் கோபுரம் உலகின் மிகப் பழைய மரக் கட்டடங்களுள் ஒன்று. அதன் நடுத்தூணுக்கான மரம் 594ஆம் ஆண்டளவில் வெட்டப்பட்டது என்று மரத்தின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். சீனாவில் யிங்சியன் என்னும் ஊரில் 1056இல் எழுப்பப்பட்ட மரக்கோபுரம் 67 மீட்டர் உயரம் உள்ளது. பல நிலநடுக்கங்களைக் கடந்தும் நிற்கிறது. பொருத்துகள் சற்றே அசைந்து கொடுப்பதால் நிலத்தின் ஆட்டம் ஆயிரக்கணக்கான சிறு உராய்வுகளாகப் பிரிந்து தணிகிறது. நார்வேயில் போர்குண்ட் என்னும் இடத்தில் உள்ள மரத் தேவாலயம் 12ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. வெயிலும் குளிரும் மழையும் வெவ்வேறாக இருக்கும் மூன்று நாடுகள். மூன்றிலும் மரம் நின்றிருக்கிறது என்றால், மரத்தைத் தரையின் ஈரத்திலிருந்து தூக்கி வைக்கவும், கூரையால் மழையை விலக்கவும் கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதே காரணம். ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே நீடிக்கும் வரை மரத்தை அழுகச் செய்யும் பூஞ்சை வளர்வதில்லை. எங்கள் தூண்களும் மண்ணில் புதைக்கப்படவில்லை. கருங்கல் பீடங்களின் மேல் நிற்கின்றன.

லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் கூரையைப் பற்றி என் கணவர் எத்தனை முறை பேசினாலும் எனக்குச் சலிக்காது. இரண்டாம் ரிச்சர்டு மன்னருக்காக 1390களில் ஹியூ ஹெர்லண்ட் என்னும் தலைமைத் தச்சர் அமைத்த ஓக் மரக் கூரை அது. ஏறத்தாழ 20 மீட்டர் அகலத்தை நடுவில் ஒரு தூணும் இல்லாமல் கடக்கிறது. எனக்கு அதில் பெரிதாகத் தோன்றுவது அதன் அகலம் அன்று. அந்த மரங்கள் எல்லாம் பல மைல் தொலைவில் ஃபார்னம் என்னும் ஊருக்கு அருகே வெட்டிப் பொருத்திச் சரிபார்க்கப்பட்டு, பிறகு பிரிக்கப்பட்டு, வண்டிகளிலும் படகுகளிலும் ஏற்றிக் கொண்டுவரப்பட்டு, மண்டபத்தின் மேல் மீண்டும் கூட்டப்பட்டன. ஒவ்வொரு மரமும் எங்கே போக வேண்டும் என்று தெரிந்திருந்தால்தான் அது நடந்திருக்க முடியும். பழைய மரச்சட்டகக் கட்டடங்களில் பொருத்துகளின் அருகே உளியால் கீறிய கோடுகளை இன்றும் காணலாம். ரோமன் எண்களைப் போன்ற அந்தக் கீறல்கள், எந்த நாக்கு எந்தக் குழிக்கு உரியது என்று தச்சர் தமக்காகப் போட்டுக்கொண்ட அடையாளங்கள். நேர்க்கோடுகளை மட்டும் உளியால் எளிதில் வெட்ட முடியும் என்பதால் அந்த வடிவம். எங்கள் மரங்களிலும் அதே போன்ற கீறல்கள் இருக்கின்றன. அவற்றை எந்த வரிசையில் இடுவது என்று பட்டியல் எழுதி வைத்தவள் நான்.

இங்கேதான் என் பங்கு தொடங்கியது. மரத்தின் நீளவாக்கில் நேர்க்கோடு போடுவதற்குச் சுண்ணப்பொடி தோய்த்த நூலை இரண்டு முனைகளிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டி அடிக்க வேண்டும். ஒரு முனையை ஆணியில் மாட்டிக்கொண்டு தனியாளாகவும் செய்யலாம். ஆனால் மறுமுனையை ஒருவர் பிடித்துக்கொண்டால் வேலை வேகமாகவும் பிழையின்றியும் நடக்கும். ஆகவே நான் மறுமுனையைப் பிடித்தேன். பிறகு அளவுகளைப் படித்துச் சொல்வதும், அவர் குறித்ததை மற்றொரு முறை சுதந்திரமாக அளந்து சரிபார்ப்பதும் என் பொறுப்பாயின. வெட்டும் முன் இரண்டாவது மனிதர் ஒருவர், முதலாமவரின் எண்ணைக் கேட்காமல், தாமாகவே அளந்து பார்ப்பது இந்த வேலையில் விலைமதிப்பற்ற பாதுகாப்பு. அளந்தவரே மீண்டும் அளந்தால் முதலில் மனத்தில் பதிந்த எண்ணையே கண்ணும் காணும். வேறொருவரின் கண் அப்படி ஏமாறாது. என் எண்ணும் அவர் எண்ணும் வேறுபட்ட இடங்களில் இருவரும் சேர்ந்து வரைபடத்தைத் திரும்பப் பார்த்தோம். யார் சொன்னது சரி என்பது அங்கே பொருட்டாக இருந்ததில்லை. மரத்தை வெட்டும் முன் உண்மை தெரிந்துவிட வேண்டும் என்பதே பொருட்டு. எங்கள் இருவருக்கும் இடையே நடக்கும் பேச்சுகளுள் மிகத் தெளிவானவை அந்த மரங்களின் அருகே நின்று பேசியவைதாம் என்று தயங்காமல் சொல்வேன்.

வீட்டு வாழ்க்கையின் பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இத்தகைய ஆர்வம் இடத்தை எடுத்துக்கொள்கிறது, ஒலி எழுப்புகிறது, சேமிப்பில் கை வைக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக நேரத்தைக் கேட்கிறது. மரங்கள் வந்து இறங்கியபோது அவற்றைத் தரையில் படாமல் குறுக்குக் கட்டைகளின் மேல் அடுக்கி, மேலே மூடி, பக்கங்களில் காற்றோட்டம் விட்டு வைக்க வேண்டியிருந்தது. முனைகள் வேகமாக உலர்ந்து வெடிக்காமல் இருக்க மெழுகு பூச வேண்டியிருந்தது. பிறர் உறங்கும் நேரத்தில் கொட்டாப்புளி ஒலிக்கக் கூடாது, குடும்பத்துக்கு உரிய பொழுதுகளில் பணிப்பட்டறைப் பக்கம் போகக் கூடாது, பெரிய செலவுகளை இருவரும் கலந்தே முடிவு செய்ய வேண்டும் என்று தொடக்கத்திலேயே பேசி வைத்துக்கொண்டோம். இந்தப் பேச்சு நடக்காத வீடுகளில் கணவனின் ஆர்வம் மனைவிக்குச் சுமையாகவோ, மனைவியின் ஆர்வம் கணவனுக்குச் சுமையாகவோ ஆகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மரத்தின் மேல் கொண்ட காதலைக் குறைத்துக்கொள்ளும்படி ஒருவரிடம் கேட்பது தவறு. அந்தக் காதலுக்கு எல்லை வகுக்கும்படி கேட்பது தவறன்று.

மற்றொரு நிபந்தனையும் நான் வைத்தேன். வரைபடத்தைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே முதல் மரத்தை வெட்ட வேண்டும் என்பது அது. கைத்திறனால் பொருத்தை அழகாக வெட்டிவிடலாம். கூரையின் எடையும் காற்றின் தள்ளலும் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகின்றன என்பதைக் கணக்குத்தான் சொல்லும். நான்கு மரங்களை மூலைகளில் இணைத்த சட்டம் பக்கவாட்டில் தள்ளினால் சாய்ந்துவிடும். சாய்முட்டு ஒன்றைப் போட்டவுடன் அங்கே ஒரு முக்கோணம் உருவாகிறது, முக்கோணம் வடிவம் மாறுவதில்லை. கைமரங்கள் கூரையின் பாரத்தால் தம் அடிகளை வெளிப்புறமாகத் தள்ள முயல்கின்றன; உத்தரம் தூண்களை உட்புறமாக இழுத்துப் பிடித்து அதைத் தடுக்கிறது. மரப் பொருத்து அழுத்தத்தைத் தாங்குவதில் வலிமையானது, இழுப்பைத் தாங்குவதில் அவ்வளவு வலிமை இல்லாதது. ஆகவே உத்தரம் தூணோடு சேரும் இடத்தில் சாதாரண நாக்கு போதாது என்று பொறியாளர் சொன்னார். அங்கே நாக்கின் அடிவிளிம்பைச் சரிவாக வெட்டி, நுனி அகன்று இருக்கும்படி செய்து, குழியின் மேற்புறத்தில் விட்ட இடைவெளியில் வன்மர ஆப்பு ஒன்றை அடித்து இறுக்கும் முறையை என் கணவர் எடுத்துக்கொண்டார். ஆப்பு இறங்கிய பிறகு அந்த நாக்கு வெளியே வர வழியே இல்லை. அந்த ஆறு பொருத்துகளுக்கும் அவர் எடுத்துக்கொண்ட பொறுமை எனக்கே புதிதாக இருந்தது.

இத்தனை உழைப்பும் வெளியே தெரியாது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். பொருத்து கூடிய பிறகு நாக்கு குழிக்குள் மறைந்துவிடுகிறது. கட்டடத்தைப் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிவது இரண்டு மரங்கள் சந்திக்கும் ஒரு கோடு மட்டுமே. உள்ளே சீவியது நேராக இருந்தாலும் கோணலாக இருந்தாலும் அந்தக் கோடு ஒன்றுதான். ஆனால் கோணலாகச் சீவிய குழியில் மரம் ஒரு மூலையில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும், பாரம் அந்த மூலையில் குவியும், காலப்போக்கில் அந்த இடம் நசுங்கும். யாரும் பார்க்கப் போவதில்லை என்றாலும் பாரம் அந்த இடத்தைத் தேடிப் போகும். என் கணவரின் ஆர்வத்தில் நான் மிக மதிப்பது இதைத்தான்: பாராட்டுக்கு வாய்ப்பே இல்லாத ஓர் உட்பரப்பைச் செம்மையாக்குவதில் அவருக்கு இருக்கும் அக்கறை.

அடுத்துத் தூக்கி நிறுத்தும் நாள். பச்சை வன்மரம் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1000 கிலோ எடை இருக்கும். 200 மில்லிமீட்டர் சதுரமும் 4 மீட்டர் நீளமும் உள்ள ஓர் உத்தரம் மட்டுமே 160 கிலோ. அதுவரை அவர் உருளைகளையும் நெம்புகோலையும் கொண்டு, எடையின் நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து அதன்மேல் மரத்தைச் சுழற்றி, பெரும்பாலும் தனியாளாகவே மரங்களைக் கையாண்டு வந்தார். தூக்கி நிறுத்துவது அப்படி முடியாது. இரண்டு தூண்களையும் ஓர் உத்தரத்தையும் இரண்டு சாய்முட்டுகளையும் தரையிலேயே கூட்டி, ஆணி அடித்து முடித்தால் ஒவ்வொரு சட்டகமும் ஏறத்தாழ 400 கிலோ. நண்பர்களும் உறவினர்களும் அழைக்கப்பட்டார்கள். மாதக்கணக்கில் ஒருவரின் தனிமையில் நடந்த வேலை, அன்று ஒரே நாளில் பலருடைய வேலையாக மாறியது. இந்த மாற்றம் இந்தக் கட்டுமான முறையின் உள்ளேயே இருக்கிறது. எவ்வளவு திறமை இருந்தாலும் ஒருவர் மட்டும் இதை முடிக்க முடியாது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அன்று கட்டளையிடும் குரல் ஒன்றுதான் இருக்க வேண்டும். அந்தக் குரல் என் கணவருடையது அன்று. அவர் தூணின் அடியில் பொருத்துகளைக் கவனிக்க வேண்டியிருந்ததால், கூட்டும் வரிசையை எழுதி வைத்திருந்த நான் அதைப் படித்துச் சொன்னேன். தூண்களின் அடி நழுவாமல் கட்டைகளால் தடுத்து, முன்னால் கப்பியில் கயிறு இழுத்து, தோள் உயரத்துக்கு மேல் நீண்ட கழிகளால் தள்ளி, அதே நேரத்தில் நிமிர்ந்த சட்டகம் மறுபக்கம் சாய்ந்துவிடாமல் பின்னாலிருந்தும் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். தூக்கும்போது சட்டகத்தின் கீழே யாரும் நிற்கக் கூடாது, எல்லோரும் தலைக்கவசம் அணிய வேண்டும், கையை இரண்டு மரங்களுக்கு நடுவே ஒருபோதும் வைக்கக் கூடாது என்பவற்றைத் தொடங்கும் முன்னரே இரண்டு முறை சொன்னேன். நிமிர்ந்த சட்டகத்தைத் தூக்குக்குண்டு கொண்டு செங்குத்தாக்கி, தற்காலிக முட்டுகளால் பிணைத்துவிட்டே அடுத்ததைத் தொட்டோம். மூன்றும் நின்ற பிறகு வளைமரத்தை மேலே ஏற்றினோம். தூண்தலைகளில் உள்ள நாக்குகளும் நீளவாக்கில் உள்ள சாய்முட்டுகளின் நாக்குகளும் ஒரே நேரத்தில் அதன் குழிகளுக்குள் புக வேண்டும். ஒன்றை விட்டுவிட்டுப் பிறகு செருக வழியில்லை. அதனால் சாய்முட்டு ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் ஆள் நின்று அதைச் சரியான சாய்வில் பிடித்திருந்தார். பெரிய கொட்டாப்புளியால் மேலிருந்து தட்டத் தட்ட, தோள்பட்டைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து இறுகின.

இத்தகைய வேலை அழிந்துபோன பழமை என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். பாரிஸ் நகரின் நோத்ர தாம் பேராலயத்தின் கூரையில் இருந்த, மரங்களின் மிகுதியால் ‘காடு’ என்றே அழைக்கப்பட்ட இடைக்காலச் சட்டகம் 2019 ஏப்ரல் 15 அன்று தீயில் அழிந்தது. அதை இரும்பால் மாற்றியமைக்கலாம் என்ற யோசனைகளும் எழுந்தன. ஆனால் நடுக்கூடத்துக்கும் பாடகர் பகுதிக்கும் மேலே உள்ள சட்டகத்தைத் தச்சர்கள் பச்சை ஓக் மரங்களைக் கோடரியால் செதுக்கி, பழைய முறையிலேயே மீண்டும் எழுப்பினார்கள். 2024 டிசம்பரில் பேராலயம் திறக்கப்பட்டது. அது முடிந்ததற்குக் காரணம், அந்தத் திறமை கைகளில் உயிரோடு இருந்ததுதான். பிரெஞ்சு மரச்சட்டகத் தச்சில் மரங்களை வரைந்து குறியிடும் மரபையும் சீனாவின் மரச்சட்டகக் கட்டடக் கலையையும் யுனெஸ்கோ 2009ஆம் ஆண்டில் மானுடத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. ஜப்பானின் இசே ஆலயத்தை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக 2013இல் கட்டினார்கள். மூத்த தச்சர் இருக்கும்போதே இளையவர் கற்றுக்கொள்ள 20 ஆண்டு இடைவெளி ஏற்றது. ஓய்வுநேரத்தில் உளி பிடிக்கும் ஒருவரை அந்தப் பெரும் தச்சர்களோடு ஒப்பிட மாட்டேன். ஆனாலும் கைகளில் இருக்கும் அறிவு கைகளால் மட்டுமே அடுத்தவரிடம் போகும். எங்கள் சட்டகத்தைத் தூக்க வந்தவர்களுள் சிலர் இப்போது உளி தீட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

தீயைப் பற்றிச் சிலர் அஞ்சுகிறார்கள். மெல்லிய பலகை விரைவில் எரிந்துவிடும் என்பது உண்மை. தடித்த மரத்தின் மேற்பரப்பு எரிந்து கரியாகும்போது அந்தக் கரிப்படலமே உள்மரத்தை வெப்பத்திலிருந்து காக்கிறது. நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே கரி உள்நோக்கி நகர்கிறது. எவ்வளவு நேரம் தாங்கும் என்று முன்கூட்டியே கணக்கிட முடிவதால்தான் பொறியாளர்கள் தடித்த மரத்தை நம்புகிறார்கள். அதற்காகக் கவனக்குறைவாக இருக்கலாம் என்று பொருளில்லை. பணிக்கூடத்தில் சீவல்கள் சேர விடாமல் அன்றன்றே அப்புறப்படுத்துகிறோம்.

இப்போது சட்டகம் நிற்கிறது, கூரையும் போட்டாயிற்று. மரம் உலரும்போது அவ்வப்போது வெடிப்பொலி கேட்கும். முதல்முறை கேட்கிறவர்கள் திடுக்கிடுவார்கள். தூணின் முகத்தில் நீளவாக்கில் தோன்றும் அந்தக் கீறல்கள் பெரும்பாலும் வலிமையைக் குறைப்பதில்லை. பொருத்தின் ஆணித்துளையை நோக்கி ஓடும் கீறலை மட்டும் கண்காணிக்க வேண்டும் என்று பொறியாளர் சொல்லியிருக்கிறார். உத்தரங்களில் உள்ள ஆப்புகளை, மரம் ஒரு கோடைக்காலம் உலர்ந்த பிறகு மீண்டும் தட்டி இறுக்க வேண்டும். அதற்காகவே அவற்றின் முனைகளை அறுக்காமல் நீட்டி விட்டிருக்கிறோம். சுவர்ப்பலகைகளைச் சட்டகத்தோடு ஒட்டி இறுக்காமல், தூண் சுருங்கும்போது இடைவெளி தெரியாதபடி தூணில் வெட்டிய பள்ளத்துக்குள் நகர்ந்துகொள்ளும் வகையில் செருக வேண்டும். அந்தப் பள்ளங்களை அடுத்த மாதம் வெட்டத் தொடங்குகிறோம். இந்த முறை குறி போடுவது நான், நூலின் மறுமுனையைப் பிடித்துச் சரிபார்ப்பது என் கணவர் என்று பேசி முடிவு செய்திருக்கிறோம்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட நேயர்களுக்கு நன்றி. வணக்கம்.